துரையின் ஓடையில் ஊர் இறங்கிய நாள்

1

ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஏரிகளின் அழகைப் பற்றி நம் பக்கத்து வாசகர்களுக்கு எழுத வேண்டும் என்று ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர் கேட்டிருக்கிறார். அவர் கடிதம் வந்த அன்றுதான், நான் இந்த ஊர்ப் படகுத்துறையில் ஒரு தகரப் பெட்டியுடன் இறங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் முடிந்தன. நல்ல பொருத்தம் என்று எண்ணி எழுத உட்கார்ந்தேன். அழகு என்று எழுத வரவில்லை. இந்த ஏரியைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது பொறாமை. வந்த நாளிலும் அதுதான் வந்தது, இன்றும் அதுதான் வருகிறது. ஆகையால் அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

முதலில் விவரங்கள். ஏரியை இவர்கள் லாக் என்கிறார்கள். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்குக்கு கிளென் என்று பெயர். மலையில் பெய்வது ஓடையாகி கிளென் வழியே இறங்கி லாக்கில் சேரும். எங்கள் லாக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீராவிப் படகில் போக அரைநாள் ஆகும். நடுவில் எவ்வளவு ஆழம் என்று படகோட்டியைக் கேட்டேன். கயிறு எட்டவில்லை என்றார். இந்த ஏரியை யாரும் வெட்டவில்லை. கரை போடவில்லை. மடை இல்லை, கலிங்கு இல்லை, இன்னாருக்கு இன்ன நாளில் தண்ணீர் என்ற முறை இல்லை. ஒரு குழி நிலம்கூட இதை நம்பி விளையவில்லை. இவ்வளவு தண்ணீரும் சும்மா கிடக்கிறது. கோடையில் கிளாஸ்கோவிலிருந்தும் எடின்பரோவிலிருந்தும் வருகிறவர்கள் கரையோர ஹோட்டல்களில் தங்கி, நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதைப் பார்க்கிறார்கள். பார்ப்பதற்குத்தான் வருகிறார்கள். மழை வந்தால் ஹோட்டல் மேலாளரிடம் போய்க் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நான் ஒரு சென்னைப் பத்திரிகைக்கு நிருபராக இருந்தவன். நான் அனுப்பிய செய்திகளில் பாதி தண்ணீரைப் பற்றியவை. திருவரங்குளம் பக்கம் நல்ல மழை. அரிமளத்தில் கண்மாய் பாதி. முறை தவறி மடையைத் திறந்ததாக இரண்டு ஊருக்குள் அடிதடி, நாலு பேர் ஆஸ்பத்திரியில். ஒரு கண்மாய் நிரம்பிவிட்டால் அது தந்தி கொடுக்கத் தகுந்த செய்தி. இங்கே உள்ளூர் வாரப் பத்திரிகையில் எனக்கு வேலை. மே முதல் செப்டம்பர் வரை ஏரிக்கரைப் பத்தி என்னுடையது. எந்த ஹோட்டலில் யார் தங்கியிருக்கிறார்கள், யார் தூண்டிலில் எத்தனை ராத்தல் மீன் சிக்கியது, படகு புறப்படும் நேரம், இவ்வளவுதான். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எழுதுவதில்லை. அது எப்போதும் இருக்கிறது.

பத்தியில் என் பெயர் வராது. ஊரில் பாதிப் பேருக்கு அதை எழுதுவது யாரென்றே தெரியாது.

2

தண்ணீரின் மேல் கொண்ட பொறாமையால் யாருக்கும் கேடில்லை. மனிதர்மேல் கொண்டது வேறு. அந்த மனிதர் பெயர் செல்லையா.

செல்லையாவுக்குத் திருவரங்குளம். கப்பலில் சமையல்காரராக இருந்தவர், கிளாஸ்கோவில் காய்ச்சலில் விழுந்து, கப்பல் அவரை விட்டுவிட்டுப் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் யாரோ இந்த ஊர் ஹோட்டல் சமையலறைக்கு அனுப்பிவைத்தார்கள். வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. அவருடைய ஆங்கிலத்தை ஒரு தபால் அட்டையின் கால் பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் படகுத்துறையில் அவர் நடந்தால் ரொட்டிக் கடைக்காரி கதவைத் திறந்து வெளியே வருகிறாள். பாதிரியார் தொப்பியைத் தொடுகிறார். கிழவிகள் தங்கள் பெட்டியை அவர்தான் தூக்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவர் வைக்கும் மீன் குழம்புக்காக அடுத்த ஊர் ஹோட்டலில் தங்கியவர்கள் படகேறி வருகிறார்கள். அந்தச் செய்தியையும் பத்தியில் எழுதியது நான்தான்.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் மகள் ராஜத்துக்குப் பதினொரு வயது. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதிலும் இந்த ஊர் ஆங்கிலம். திருத்தினால் வாயை மூடிக்கொள்வாள். தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுக்க நான் வாங்கிவைத்த சிலேட்டில் அவள் படகுப் படம் போடுகிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை செல்லையா வந்து அடுப்பங்கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்ததும், கூடத்தில் இருக்கிற எனக்கு அவள் குரல் கேட்கும்.

"சித்தப்பா, அப்பறம் என்னாச்சு?"

"அப்பறமென்ன, மாடு அங்கிட்டு ஓடுது, நான் இங்கிட்டு ஓடுறேன். யாரு யாரைத் தேடுறதுன்னு மாட்டுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

"நீங்க ஏன் ஓடுனீங்க?"

"பயந்தேன் தாயி. மாட்டுக்கு ரெண்டு கொம்பு. எனக்கு ஒண்ணும் இல்ல."

அவள் சிரிக்கும் சிரிப்பில் ஒரு சொல்கூட ஆங்கிலம் இருக்காது. நான் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதில் அச்சாகியிருந்த ஒரு வரியை நாலைந்து முறை படிப்பேன்.

3

சென்ற கோடையில் இங்கே வழக்கமில்லாத வறட்சி. ஆறு வாரம் மழை இல்லை. லாக் அசையவில்லை. ஆனால் கிளென்னிலிருந்து இறங்கும் ஓடை அறுந்து, அங்கங்கே மடுவாகத் தேங்கி நின்றது. ஒரு சனிக்கிழமை செல்லையா என் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அண்ணே, ஓடை வத்திப் போச்சுண்ணே. மரப்பாலத்துக்கு அங்கிட்டு மடுவுல மீனு ஒண்ணு மேல ஒண்ணு முட்டிக்கிட்டுக் கெடக்கு. இன்னும் நாலு நாள் போனா செத்து நாறிப் போகும். நாளைக்கு எறங்குவமா?"

நம் ஊர் வழக்கம் வாசகர்களுக்குத் தெரியும். கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் நாள் குறிப்பார்கள். தண்டோரா போடுவார்கள். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஊத்தாவும் கூடையுமாக வந்து கரையில் நிற்கும். அம்பலகாரர் துண்டை வீசியதும் எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். பிடித்தவருக்குப் பிடித்த மீன். துண்டு வீசுவதற்கு முன் இறங்கினால் திருட்டு. வீசிய பிறகு ஊர் முழுவதும் இறங்கினாலும் திருட்டில்லை.

இங்கே அப்படி இல்லை. ஓடையும் மடுவும் அதிலுள்ள மீனும் அந்த மலைக்குச் சொந்தக்காரரான துரையுடையவை. தண்ணீர் இருந்தாலும் வற்றினாலும் அவருடையவைதான். வறட்சியை முன்னிட்டு, மடுக்களில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அவருடைய எஸ்டேட் ஓர் அறிவிப்பு கொடுத்திருந்தது. முந்தின வார இதழில் மூன்றாம் பக்கத்தில் வந்தது. அதை அச்சுக்கு முன் படித்துப் பிழை திருத்தியவன் நான்.

செல்லையா கேட்டார்: "இங்கயும் ஊரைக் கூப்பிட்டுத்தானே எறங்கணும்? நமக்கு இந்த ஊர் மொறை தெரியாது, அதான் ஒங்களக் கேக்கறேன்."

நான் அவரைப் பார்த்தேன். தெரு முனையில் ரொட்டிக் கடைக்காரி அவரைப் பார்த்துக் கை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடாம எறங்குனா தப்புதான்" என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பத்திரிகைக்காரன் சொல்லும் பொய் அப்படித்தான் இருக்கும்.

அவர் ஹேசல் மரத்தின் குச்சிகளை வளைத்துக் கட்டி ஓர் ஊத்தா முடைந்தார். அடி அகன்று, மேல் வாய் சிறுத்து, இரண்டு பக்கமும் திறந்த கூடை. மீன்மேல் கவிழ்த்து அழுத்தி, மேல் வாய் வழியாகக் கை விட்டுப் பிடிக்க வேண்டும். ஞாயிறு பிற்பகல், மாதாகோயில் விட்ட பிறகு, ஹோட்டலின் பித்தளைத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கரையோரத் தெரு முழுவதும் அடித்துக்கொண்டு போனார்.

"கம்! ஆல் கம்! ஃபிஷ்! ஃப்ரீ ஃபிஷ்!"

ஹோட்டல்காரர்கள் ஏதோ வேடிக்கை ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று விருந்தினர் நினைத்துவிட்டார்கள். நாற்காலிகள் காலியாயின. ஐம்பது பேருக்குக் குறையாது. நான் குறிப்பேடும் பென்சிலுமாகப் பாலத்தின் மேல் நின்றேன். செல்லையா என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணே, நீங்க துண்டு வீசணும். இந்த ஊருல நம்மாள்ல நீங்கதான் பெரியவுக."

"நான் எழுதணும்" என்று குறிப்பேட்டைக் காட்டினேன்.

அவர் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு திரும்பிப் பார்த்து, "ராஜம், நீ வாத்தா. இன்னைக்கு நீதான் அம்பலகாரரு" என்றார்.

என் மகள் பாறையின் மேல் ஏறி நின்று, கழுத்துத் துணியை அவிழ்த்து வீசினாள். ஊர் இறங்கியது. கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிய வக்கீல்கள், பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்ட பெண்கள், பாதிரியாரின் தங்கை. எடின்பரோவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் தன் தொப்பியையே கூடையாக்கி மூன்று மீன் பிடித்தாள். நடுவில் செல்லையா ஊத்தாவைக் கவிழ்ப்பதும் கை விடுவதும் மீனைத் தூக்கி அருகில் நிற்பவரிடம் எறிவதுமாக இருந்தார். அவர் தமக்கென்று ஒன்றுகூட ஒதுக்கவில்லை. ராஜம் பாறையிலிருந்து, "சித்தப்பா, அந்தா! அந்தா!" என்று கத்தினாள்.

அந்தப் பிற்பகல் முழுவதும் ஒரு பக்கத்துக்குமேல் குறிப்பு எடுத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தபோது, நான் எழுதியவற்றில் பாதி, யார் யார் அவர் தோளைத் தட்டினார்கள் என்பதுதான்.

எஸ்டேட்டின் ஆற்றுக் காவலர் இரண்டு நாய்களுடன் வந்தார். விருந்தினர் சிரித்துக்கொண்டே கரையேறினார்கள். ஐம்பது பேர் ஈரக் காலுடன் நின்றார்கள். அவர் நோட்டில் ஏறிய பெயர் ஒன்றுதான். ஊத்தாவையும் எடுத்துக்கொண்டு போனார்.

4

மீன் வழக்கு இங்கே சிறிய வழக்கு. செல்லையாவுக்கு அது சிறியது அல்ல. சமஸ்தானத்தில் பிறந்தவர் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜை அல்ல. பிரிட்டிஷ் பாதுகாப்பில் உள்ளவர், அவ்வளவுதான். எனக்கு பாஸ்போர்ட் இருந்தது. கப்பலில் வந்த அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு கிழிந்த வேலைப் புத்தகம். ஆகவே போலீஸில் அன்னியராகப் பதிவு செய்து, ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தார். புதுப்பிக்கும் சார்ஜெண்டுக்குப் புதுக்கோட்டை எந்த ராஜ்யத்தில் இருக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர்தான். ஆனால் இம்முறை என்னிடம் தெளிவாகவே சொன்னார்: தெரியாமல் செய்தார் என்றால் எச்சரிக்கையோடு போய்விடும். தெரிந்தே செய்தார் என்று தீர்ப்பானால், பதிவு புதுப்பிக்கப்படாது, அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். தமிழ் தெரிந்தவர் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இல்லை என்பதால் கோர்ட்டில் மொழிபெயர்க்க நானே வர வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டில் ராஜம் சாப்பிடவில்லை. என் மனைவி காமாட்சி தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, நின்றபடியே பேசினாள்.

"செல்லையாத் தம்பி ஒங்களக் கேக்காம ஒரு எடத்துல கால் வைக்காதே. இதைக் கேக்கலையா?"

"கேட்டாரு."

"அந்த அறிவிப்பு ஒங்க பேப்பர்லதானே வந்துச்சு? கடைக்காரம்மா சொன்னா."

"மறந்து போச்சு."

"நீங்களா?" என்றாள். "கல்யாணமான புதுசுல நான் ரசத்துல உப்புப் போடாம வச்சதை இன்னைக்கி வரைக்கும் தேதியோட சொல்றீங்க. நீங்களா மறந்தீங்க?"

நான் சாப்பிட்டேன். செல்லையா கப்பல் ஏறிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அடுப்பங்கரை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அமைதியாக இருக்கும். ராஜம் வேறு வழியில்லாமல் என்னிடம் வருவாள். இதை நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

5

இங்கே ஷெரீப் என்றால் நீதிபதி. எங்கள் ஷெரீப் வயதானவர், காது கொஞ்சம் மந்தம், கண் கூர்மை. மேசைமேல் ஊத்தாவை வைத்திருந்தார்கள். அதை அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, எப்படிப் பிடிப்பது என்று கேட்டார். செல்லையா எழுந்து வந்து காட்டினார். ஷெரீப் தம் கையை மேல் வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்த்தார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அந்த இடத்திலும் செல்லையாவுக்கு ஆள் சேர்ந்துவிட்டதை நான் கவனித்தேன்.

நம் வழக்கத்தை நான் விளக்கினேன். தண்டோரா, துண்டு, கண்மாய் எல்லாம். குறை சொல்ல முடியாதபடி விளக்கினேன். ஷெரீப் தலையசைத்தார். பிறகு கேட்டார்:

"இந்த ஊரில் இது குற்றம் என்று இவருக்கு யாராவது சொன்னார்களா? இவர் யாரையாவது விசாரித்தாரா? கேளுங்கள்."

நான் தமிழில் கேட்டேன். செல்லையா முகம் மாறாமல், நீதிபதியைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் பேசினார்.

"அண்ணே, ஒங்களக் கேட்டேன்னு சொல்லிராதீங்க. பேப்பர்ல போட்டது நீங்களாம்ல, ரொட்டிக் கடையில சொன்னாக. ஒங்களுக்கு மறந்திருக்கும். தெரிஞ்சா ஒங்க வேலைக்கு ஆபத்து. புள்ளைகுட்டிக்காரரு நீங்க. ஒரு பெரியவரு வேணாம்னாரு, நான்தான் கேக்கலன்னு சொல்லிருங்க. நான் ஒத்த ஆளு. எந்த ஊருன்னாலும் ஒலை வைப்பேன்."

அந்த அறையில் இருந்தவர்களில் எங்கள் இருவருக்கு மட்டுமே அது புரிந்தது. அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் போதும். மொழிபெயர்ப்பாளன் கடமை தவறாதவன் ஆவேன். அவர் கப்பல் ஏறுவார். எழுத்தர் பேனாவை மையில் தோய்த்துக் காத்திருந்தார்.

நான் அவருக்காக மனம் இளகிச் சொன்னேன் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். அந்த நேரத்திலும் எனக்கு இருந்தது பொறாமைதான். இந்த மனிதன் இதிலும் என்னைவிட உயர்ந்து, அந்த உயரத்தோடே கப்பல் ஏறிவிடுவான், நான் மிச்சமுள்ள நாளெல்லாம் கீழே இருந்து பார்க்க வேண்டும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் என்னைக் கேட்டார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "எனக்குச் சட்டம் தெரியும். அறிவிப்பைப் பிழை திருத்தியதே நான்தான். நான் சொல்லவில்லை."

ஷெரீப் காதருகே கையைக் குவித்தார். "அவர் சொன்னது இதுதானா?"

"இல்லை, ஐயா. நடந்தது இது."

6

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பதிவும் புதுப்பிக்கப்பட்டது. ஊத்தாவை ஷெரீப் திருப்பித் தரவில்லை. தம் வீட்டுக்கு எடுத்துப்போனதாகக் கேள்வி. ஏரிக்கரைப் பத்தியை எங்கள் வாரப் பத்திரிகை ஆசிரியர் என்னிடமிருந்து எடுத்துவிட்டார். சத்தம் போடவில்லை. இப்போது நான் உள்ளறையில் பிழை மட்டும் திருத்துகிறேன். சன்னல் வழியே ஏரி தெரிவதில்லை.

கோர்ட் வாசலில் செல்லையாவுக்காக ஒரு கூட்டம் நின்றது. அவர் அதைத் தாண்டி என்னிடம் வந்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னதைச் சார்ஜெண்ட் ஏதோ கை சாடையில் விளக்கியிருக்க வேண்டும்.

"மறக்கலையாண்ணே?"

"மறக்கல."

"அப்பறம் ஏன்?"

"ராஜம் ஒங்கிட்டத் தமிழ் பேசுறா" என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். கோபம் வந்திருந்தால் எனக்கு நல்லது.

"நான் ஒங்களத்தானே கேட்டேன்" என்றார். பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தெருவில் பார்த்தால் "வாங்க" என்கிறார். அண்ணே என்பதில்லை. காமாட்சி முக்காலியை எடுத்து மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டாள். ராஜம் இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாம் ஞாயிறு தன் கோட்டை மாட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல், ஹோட்டல் சமையலறைக்குப் போனாள். அவள் அம்மா தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இப்போது ஒவ்வொரு வாரமும் போகிறாள். அவள் போகும் பாதையை மேல்சன்னலிலிருந்து, சமையலறைக் கதவு திறந்து மூடும் வரை பார்க்கிறேன். அந்தக் கதவைத் திறப்பவர்மேல் எனக்கு இருந்தது குறைந்துவிட்டதாகச் சொன்னால் அது பொய். ஒரு சொல்கூட உண்மையில்லாத பொய்.

நேற்று மாலை வெங்காய வாசனையோடு திரும்பி வந்தாள். நான் கூடத்தில் இருந்தேன். வழக்கமாக நேரே மாடிக்குப் போகிறவள், என் நாற்காலிக்கு அருகே நின்றாள்.

"அப்பா, கெளுத்தி மீனை எங்க பிடிக்கணும் தெரியுமா?"

திருக்கோகர்ணத்தில் எட்டு வயதில் கெளுத்தி முள் குத்திய தழும்பு என் வலது உள்ளங்கையில் இருக்கிறது. கையை மடக்கிக்கொண்டேன்.

"தெரியாதே" என்றேன். "எங்கே பிடிக்கணும்?"

அவள் கீழே உட்கார்ந்து, தன் இடது கையை மீனாக வைத்து, வலது கையின் இரண்டு விரலால் அதன் செவுளுக்குப் பின்னால் பிடித்துக் காட்டினாள். நான் புரியாதவன் போல் மறுபடி கேட்டேன். மறுபடியும் சொன்னாள், முதலிலிருந்து, தமிழில்.